எருமை ஆட்டிய தூளி

பேத்தி தன் குழந்தைக்குக் கரண்டில் ஆடும் தொட்டில் வாங்கியிருக்கிறாள். பட்டனை அழுத்தினால் முனகிக்கொண்டே ஆடுகிறது. ஆட்டி ஆட்டி ஓய்ந்த என் கைக்கு இப்போது வேலை இல்லை. அந்த முனகலைக் கேட்டால், இரும்புலியூரில் எங்கள் கொட்டகை எருமை அசைபோடுவது போலவே இருக்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயது, இரண்டாம் வகுப்பு. மத்தியானம் அம்மா தாம்பரத்துக்குப் பால் ஊற்றப் போய்விடுவாள். கொட்டகையில் கட்டிய சேலைத் தூளியில் தம்பியைத் தூங்கவைப்பது என் வேலை. கையை எடுத்தால் அழுவான். மத்தியானப் பள்ளிக்கூடம் போகவே முடியவில்லை.

எருமை படுத்து அசைபோடும்போது அதன் தலை மெல்ல ஆடும். தூளியில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையை அதன் கொம்பில் கட்டினேன். தூளி ஆடியது, தம்பி தூங்கினான். யாரும் சொல்லித் தரவில்லை, என் யோசனைதான். நான்கு நாள் பள்ளிக்கூடம் போய் வந்தேன்.

ஐந்தாம் நாள் எருமை எழுந்துவிட்டது. நான் வந்தபோது தூளி அறுந்து, தம்பி வைக்கோலில் கிடந்தான். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"புள்ளைய எருமகிட்ட வுட்டுட்டு எங்கடி போன?"

"இஸ்கூலுக்கும்மா. நல்லாத் தூங்கினு இருந்தாம்மா."

"இப்பவும் தூங்கினுதான் கீறான். மூச்சு கீதான்னு பாக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயிடுச்சு."

அம்மா அடிக்கவில்லை. என் சிலேட்டை வாங்கித் துடைத்து, பால் குடத்துக்கு மூடியாக வைத்தாள். அது அங்கேயே இருந்துவிட்டது.

பிறகு தங்கைகள், என் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று எத்தனையோ பேரைத் தூங்கவைத்துவிட்டேன். ஒருவரும் கீழே விழுந்ததில்லை.