பாக்கியிருக்கும் ஒரு வாளி

திராட்சைச் சாறு நொதித்து ஒயினாகும் பீப்பாயைக் கடக்கும்போதெல்லாம் தெல்மா தொப்பியைக் கழற்றி, உள்ளே பொங்குகிறதா என்று காதை வைத்துக் கேட்பாள். நியூசிலாந்தின் ஹாக்ஸ் பே திராட்சைத் தோட்டத்தில் எத்தனையோ அறுவடையாக அதே பழக்கம்.

ஓர் ஆண்டு, சொந்தத் தோட்டத்துச் சிறந்த வெள்ளை ஒயினுக்கென்று ஒதுக்கிய சாறு, இனிப்பு அடங்குமுன்னே பொங்குவதை நிறுத்திவிட்டது. அப்படியே விட்டால் கெட்டுவிடும். பக்கத்துத் தோட்டத்து ராவிரி, தன் பீப்பாயில் பொங்கிக்கொண்டிருந்த சாற்றை ஒரு வாளி கொண்டுவந்தான்; அதைக் கலந்தால் நின்றுபோன சாறும் மறுபடி நொதிக்கும்.

"என்ன தெல்மா, உன் பீப்பா தூங்கிருச்சா? இந்தா, எழுப்பு."

"வாயை மூடிட்டு ஊத்துடா. திருப்பித் தந்துடறேன்."

"என்னோடது நின்னாத்தானே தருவே!"

மறுநாள் காதை வைத்தாள். உள்ளே முணுமுணுப்பு கேட்டது. ஒயின் பிழைத்தது.

வாளிக்கு வாளிதான் அங்கே வழக்கம்; கொடுத்தவன் பீப்பாய் நின்றால்தான் கடனைத் தீர்க்க முடியும். ராவிரியின் பீப்பாயோ எந்த அறுவடையிலும் பாதியில் நிற்கவில்லை. நிற்கட்டும் என்று நினைக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஓர் அறுவடைக் காலத்தில் அவளை அடக்கம் செய்த அன்றும் அவன் பீப்பாய் பொங்கிக்கொண்டுதான் இருந்தது.