லெச்சுமி அக்காவின் வயலில் கயாக் விட்ட கதை

முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த ஒருவர் என் கண் முன்னால் காணாமல் போனார். போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த கணம் அவருடைய தொப்பி மட்டும் மிதந்தது.

அந்தமானில் இருபது வருடத்துக்கு மேல் சுற்றுலாப் படகு வேலை பார்த்தவன் நான். ஹேவ்லாக் தீவில் ஸ்நார்க்கெலிங், கண்டல் காட்டுக்குள் டிங்கி சவாரி, கண்ணாடி அடிப் படகு என்று எல்லாம் பார்த்தாயிற்று. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் காற்று, அலை, இன்ஜின் சமாச்சாரம்தான். நானாகச் சொல்வது ஒன்று இருக்கிறது. அது அந்தத் தொப்பி மிதந்த நாளைப் பற்றியது.

1. முதலாளி வைத்த பெயர்

சுனாமி அலை வந்து போனது ஒரு நாள் விஷயம். ஆனால் அன்றைய பூகம்பத்தில் போர்ட் பிளேர் பக்கம் நிலமே கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. தாழ்வான வயல்களுக்குள் ஏறிய கடல் திரும்பிப் போகவில்லை. கடல் ஏறுகிற ஹை டைடில் நெஞ்சளவு, இறங்குகிற லோ டைடில் முழங்கால் அளவு என்று அங்கேயே தங்கிவிட்டது. நெல் விளைந்த இடத்தில் நாரையும் மீன்கொத்தியும் வந்து இறங்கின. உப்பு ஏறிச் செத்த தென்னைகள் மொட்டையாக வரிசையில் நின்றன. வெயில் சாயும் நேரத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். பொய் சொல்லக் கூடாது.

முதல் இரண்டு வருடம் கெஸ்ட் கிடையாது. அப்புறம் மெதுவாக எல்.டி.சி. கூட்டம், அதாவது அரசாங்கச் செலவில் சுற்றுலா வருகிற அரசு ஊழியர்கள், வர ஆரம்பித்தது. எங்கள் முதலாளி மதுரைக்காரர். போர்ட் பிளேரின் பத்துபஸ்தியில் இரண்டு அறையில் டிராவல்ஸ் ஆபீஸ். பேச்சில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது.

"யோவ், ஹேவ்லாக் கப்பலுக்கு டிக்கெட் கெடைக்காதவன் ஒரு நாள் பூரா ரூம்ல உக்காந்து ஃபேனைப் பாத்துக்கிட்டிருக்கான். அவனுக்கு நாம என்னத்தக் காட்டுறோம்?" என்று ஒரு நாள் கேட்டார். அடுத்த மாதமே மெயின்லேண்டிலிருந்து கப்பலில் எட்டு கயாக் வந்து இறங்கின. கயாக் என்றால் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து துடுப்புப் போடுகிற, தட்டையான சின்னப் படகு. அவற்றை ஓட்ட அந்த வயல் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தார்.

"இது வயலாச்சே முதலாளி" என்றேன்.

"வயல்னு வாயத் தொறக்காத. எழவு வீட்டுக்கா ஆள் கூட்டிட்டுப் போறோம்? பேக்வாட்டர்னு சொல்லு. கேரளாவுல அதுக்குத்தான்யா கூட்டம் அள்ளுது."

அன்றிலிருந்து அது பேக்வாட்டர். ஒரு மாதம் சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் என்று ஆகிவிட்டது.

2. டீக்கடையிலிருந்து ஒரு குரல்

நாங்கள் கயாக் இறக்குகிற ரோட்டோரத்தில் லெச்சுமி அக்காவின் டீக்கடை. அவருடைய அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவில் ரப்பர் வெட்டியவர். அக்கா கல்யாணமாகி இங்கே வந்தார். தண்ணீருக்குள் கிடந்தது அவர்கள் வயல்தான். வீட்டுக்காரர் மரைன் ஹில் பக்கம் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அக்கா டீ ஆற்றினார். கடையின் பலகையை வயலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தார். டீ குடிக்கிறவர்கள் ரோட்டைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும்.

முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அரே தம்பி, அந்த மூணு மொட்டத் தென்னைக்குக் கிட்ட யாரையும் எறக்கிறாதீங்க. அங்கன எங்க கெணறு இருக்கு. கட்டுன செவுரு பூகம்பத்துல உள்ள சரிஞ்சிருச்சி. மேல ஒண்ணும் தெரியாது."

"அக்கா, கெஸ்ட் முன்னாடி கெணறு கெணறுன்னு கத்தாதீங்க. முதலை இருக்கான்னு கேட்டே பாதிப் பேர் எறங்க மாட்டேங்கிறாங்க."

"மொதல இருந்தாலாவது அப்பப்பத் தல தூக்கும். கெணறு தூக்காது பாத்துக்க."

வயிற்றெரிச்சலில் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நிலம் போனவர், அதில் நாம் சிரித்துக்கொண்டு படகு விட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? தவிர, என் கணக்கு வேறு. கயாக் தண்ணீருக்கு மேலே போகிறது. கீழே கிணறு இருந்தால் என்ன, சாலை இருந்தால் என்ன? இறங்கினால்தானே?

3. இறங்கினோம்

அன்றைக்கு வந்த கெஸ்ட் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர்கள். மகள் அரசு உத்தியோகம், எல்.டி.சி.யில் அப்பா அம்மாவை அழைத்து வந்திருந்தார். அப்பா பெயர் சென்னியப்பன், அறுபது தாண்டியவர், விவசாயி. "ஏனுங் தம்பி, இது கவுந்துக்காதுங்களா?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் ஏறினார்.

ஹோட்டல் வண்டி தாமதமாக வந்ததில் டைட் இறங்க ஆரம்பித்துவிட்டது. திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். முதலாளி போனில், "சும்மா ஒரு ரவுண்டு காட்டிட்டு வாய்யா" என்றார். போனேன். பாதி வழியில் நாங்கள் போன மூன்று கயாக்கும் அடியில் ஏதோ மேட்டில் தட்டி நின்றுவிட்டன.

"பயப்படாதீங்க, முழங்கால் தண்ணிதான். எறங்கித் தள்ளிட்டுப் போயிரலாம்" என்று எல்லோரையும் இறக்கினேன். அவர்களுக்கு அது குஷியாகிவிட்டது. சென்னியப்பன் ஐயா காலால் சேற்றைத் துழாவினார்.

"தம்பி, இது வயச்சேறாட்டவே இருக்குதுங்களே! உழுது பரம்படிச்ச மண்ணு மாதிரி மெத்துனு இருக்குது. வரப்பு வேற காலுக்குத் தட்டுப்படுது."

அவர் கால் பொய் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

"இல்லீங்க ஐயா. இது நேச்சுரல் பேக்வாட்டர். ஆதியிலிருந்தே இப்படித்தான்."

"அப்படீங்களா" என்றார். நான் உள்ளூர்க்காரன், நம்பிவிட்டார்.

அவருடைய மனைவி போனை நீட்டினார். "ஏனுங்க, அந்த ஆரஞ்சுச் சட்டையக் கழட்டிப்போட்டு நில்லுங்க. மூட்டை கட்டுனாப்ல இருக்குது. அந்த மரத்துக்கிட்டப் போயி நின்னா நல்லா விழுகும்."

லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் விதி. முழங்கால் தண்ணீருக்கு எதற்கு என்று நானும் சும்மா இருந்தேன். அக்கா சொன்னது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. ஐயா மூன்று மொட்டைத் தென்னைக்குப் பக்கத்தில் போய்ச் சிரித்தார். இன்னும் ஒரு அடி பின்னால் வைத்தார்.

தொப்பி மிதந்தது.

4. வரப்பு மேல வா

அந்த அம்மாள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. தலை ஒரு தரம் மேலே வந்தது, கை தண்ணீரை அடித்தது, மறுபடி உள்ளே போனது. அவருக்கு நீச்சல் தெரியாது. நான் துடுப்போடு அவரை நோக்கிப் பாய்ந்தேன்.

"நில்லு!"

ரோட்டோரத்திலிருந்து லெச்சுமி அக்கா. கையில் டீ வடிகட்டி அப்படியே இருந்தது.

"நேரா போகாத! அந்தப் பக்கம் கர பூரா சரிஞ்சி கெடக்கு, நீயும் உள்ள போயிருவ! வலது கைப் பக்கம் வரப்பு இருக்கு, ஏறு!"

வலது பக்கம் துழாவினேன். கால் மேட்டில் ஏறியது.

"அதுலயே போ! போ! இன்னும் நாலு எட்டு. பஸ், போதும்! இப்ப எடது கையா திரும்பு. வரப்பு அங்கன மடங்கும்."

மடங்கியது. கலங்கல் தண்ணீர், என் கால்கூட எனக்குத் தெரியவில்லை. இருநூறு அடிக்கு அப்பால் நின்ற ஒரு பெண் சொல்லச் சொல்ல நான் கால் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நடப்பதும் அதுவும் ஒன்றுதான்.

"கருங்கல்லு தட்டுதா?"

"தட்டுதுக்கா!"

"அதுதான் தொவைக்கிற கல்லு. அது மேல நின்னுக்க, கல்லு அசையாது. துடுப்ப நீட்டு!"

நீட்டினேன். முதல் தரம் அவர் கை நழுவியது. இரண்டாம் தரம் பிடித்தார். அப்படியே இழுத்துக் கல்லின் மேல் போட்டேன். குப்புறப் படுத்து உப்புத் தண்ணீராகக் கக்கினார். மகளும் அம்மாளும் எங்களை நோக்கி ஓடி வந்தார்கள்.

"வராதீங்க, அங்கனயே நில்லுங்க!" என்று அக்காவே அவர்களையும் நிறுத்தினார்.

பிறகு அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். ஒரு கையில் துண்டு, ஒரு கையில் டீ கிளாஸ். கீழே பார்க்கவில்லை. நேராக வந்தார், ஓரிடத்தில் திரும்பினார், மறுபடி நேராக வந்தார். தண்ணீருக்கு மேலே பார்த்தால் காரணமில்லாமல் ஒரு ஆள் வளைந்து வளைந்து வருகிற மாதிரி இருந்தது. டீ ஒரு சொட்டு சிந்தவில்லை.

5. அவர் கேட்ட கேள்வி

மூச்சு வந்ததும் சென்னியப்பன் ஐயா என்னைத்தான் பார்த்தார். கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏந் தம்பி, வயலுனு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. வயலுன்னா கெணறு இருக்கும்னு எனக்குத் தெரியாதா? மூணு தென்னை ஒண்ணா நின்னா அது கெணத்து மேடுன்னு பாத்துக் கால் வெச்சிருப்பனே. நீங்க இயற்கைன்னு சொல்லிப்போட்டீங்க."

அவரைக் காப்பாற்ற வேண்டிய அறிவு அவர் காலிலேயே இருந்தது. நான்தான் அதை ஒரு பொய்யால் மூடினேன்.

அவர் டீயை இரண்டு வாய் குடித்தார். அப்புறம் அக்காவிடம் திரும்பினார்.

"உங்க கெணறுங்களா அம்மிணி?"

"எங்களுதுதாங்க."

"இப்பக் குடிச்சுப் பாத்துட்டன், வெறும் உப்பு. முன்ன எப்படிங்க இருந்துச்சு தண்ணி?"

அத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் வந்து நிலத்தைப் பற்றி எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். தண்ணீர் எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

"சீனி மாதிரிங்க" என்றார். "பருப்பு ஒரே கொதியில வெந்துரும். பக்கத்து பெங்காலிக்காரங்க கல்யாணத்துக்குக்கூட இங்கதான் எடுத்துட்டுப் போவாங்க." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே களம் எது, நாற்றங்கால் எது, மாடு கட்டின இடம் எது என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். ஐயா ஒவ்வொன்றுக்கும் "அப்படீங்களா, எத்தன வண்டி எரு போட்டீங்க?" என்று கேட்டார். நனைந்த துணியோடு இரண்டு விவசாயிகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நெல் விவசாயம் பேசினார்கள்.

6. மறுநாள்

மறுநாள் காலையில் ஒரு கட்டு மூங்கிலோடு டீக்கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அக்காவே, "மொதல்ல டீயக் குடி" என்றார். முதலாளி போனில் கத்தினார்: "கம்பு நட்டா போட்டோ கெட்டுப்போகும்யா!"

"ஆள் போனா என்ன கெடும் முதலாளி?" என்றேன். அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அது ஒரு தடவைதான். பிறகு, "நல்ல கம்பா நடு" என்றார்.

அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த வரைக்கும் கெஸ்ட் யார் வந்தாலும் முதல் பேச்சாக, "இது வயல், கடல் உள்ளே வந்துவிட்டது, இந்த அக்காவுடையது" என்று சொல்லித்தான் ஜாக்கெட் மாட்டினேன். ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை. துடுப்பை மெதுவாகப் போட்டார்கள், அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். டைட் டேபிள் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும். அடியில் என்ன இருக்கிறது என்று அங்கே நடந்தவர்களுக்குத்தான் தெரியும். காட்டப்போகிற இடம் அதற்கு முன்னால் யாருக்கு என்னவாக இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டதை கெஸ்ட்டிடம் மறைக்காதீர்கள்.

மூங்கில் கொண்டுபோன அன்று கம்பு நட அக்காவையும் கயாக்கின் முன்பக்கம் உட்கார வைத்து அழைத்துப் போனேன். ஹை டைட். "என் வயலுக்குப் போக எனக்குப் படகா? க்யா ஜமானா, என்ன காலமோ!" என்று வழியெல்லாம் திட்டினார். ஒவ்வொரு வரப்பு மூலையிலும் கை காட்டினார், நான் கம்பு இறக்கினேன். கடைசியாகக் கிணற்றைச் சுற்றி நான்கு நட்டு, சிவப்புத் துணி கட்டினோம். அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். நான் துடுப்பை ஊன்றிப் படகை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

"சரி, ச்சலோ தம்பி" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "கடையில பாலு காயுது."