வேலுமணி லாரியில் ஏறிப்போன மெட்டு

சௌந்திரத்துக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சோறு கொதிக்கும்போதே வாசலைக் கூட்டப் போவாள். பாதி கூட்டியிருக்கும்போதே எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள். திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே கொஞ்சம் மேட்டாங்காட்டுப் புன்செய் நிலமும் ஒரு கிணறும் உள்ள குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். கணவன் வேலுமணி லாரி டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் பம்பாய் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருப்பான். பேச்சும் குறைவு.

எழுபத்து நாலில் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். பாப்பாள் என்று கூப்பிட்டார்கள். தவழத் தொடங்கும் முன்பே குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. வேலுமணி பம்பாய் போயிருந்தான். சௌந்திரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் எருமை கட்டும் கட்டுத்தரைக்குமாக நடந்தாள். நடக்க நடக்க அவள் வாயில் ஒரு மெட்டு வந்தது. வார்த்தை கிடையாது. மேலே போய், சட்டென்று தாழ்ந்து, மூச்சு வாங்கி மறுபடியும் மேலே ஏறும். அதைக் கேட்டால் குழந்தை கொஞ்சம் அடங்கினாள். மறுநாள் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

வேலுமணி திரும்பியபோது காட்டோரத்தில் மூடிய மண் காய்ந்திருந்தது. எந்த இடம் என்று கேட்டான். போய் நின்றான். வந்து குளித்தான், சாப்பிட்டான், அடுத்த லோடுக்குக் கிளம்பினான். இந்த மனிதனுக்கு நெஞ்சு கல்தான் என்று சௌந்திரம் முடிவு கட்டிக்கொண்டாள். அதன் பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. எருமை கறக்கும்போது மட்டும், கட்டுத்தரையில், அந்த மெட்டை அவள் முனகுவாள். வேறு எங்கும் அவள் வாயைத் திறந்ததில்லை.

எழுபத்தொன்பதில் மேட்டூர் அணைப் பூங்காவில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. ஊர் ஊராகப் போய்ப் பாடும் ஒரு பாடகனின் கதை. படம் முழுக்கப் பாட்டு. இளைஞர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரு பாடகரே நாயகனாக நடித்தார். சேலத்திலிருந்து ஜெனரேட்டரும் தளவாடங்களும் ஏற்றிப்போக வேலுமணி ஓட்டிய லாரியைப் பிடித்திருந்தார்கள். இசையமைப்பாளரின் உதவியாளர் ஒருவர் டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஜலகண்டாபுரம் தாண்டும்போது வேலுமணி தன்னையறியாமல் எதையோ முனகினான். உதவியாளர் காது கொடுத்தார். என்ன பாட்டு அது, எந்தப் படம் என்று விசாரித்தார். படம் ஏதும் இல்லை, என் சம்சாரம் பாடுவது என்றான் வேலுமணி. இன்னொரு தரம் பாடச் சொல்லி அவர் டேப்பில் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் படம் வந்தது. காதலி விட்டுப்போன துக்கத்தில் நாயகன் தனியாக நின்று பாடும் பாட்டுக்கு அந்த மெட்டைப் போட்டிருந்தார்கள். படம் ஓடியதே அந்தப் பாட்டால்தான் என்று பேசிக்கொண்டார்கள். ரேடியோவில், டீக்கடையில், கல்யாண வீட்டுக் குழாய் ரேடியோவில், கோயில் திருவிழாவில், எங்கே போனாலும் அது காத்திருந்தது.

சௌந்திரம் முதன்முதலில் அதைக் கேட்டது சேலம் செவ்வாய்ப்பேட்டையில். மல்லி, மிளகாய் வாங்கப் போனவள் ஒரு ரேடியோக் கடை வாசலில் நின்றுவிட்டாள். பையை யாரோ கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதுபோல் வெறுங்கையோடு பஸ் ஏறினாள். அந்த பஸ்ஸிலும் டிரைவர் அதையே பாடிக்கொண்டு வந்தார். பாதி வழியில் இறங்கி வெயிலில் நடந்தாள். அப்புறம் கல்யாணங்களில் பந்திக்கு முன்பே எழுந்து வந்தாள். டீக்கடை வழியை விட்டு வரப்பு வழியாகச் சுற்றிப் போனாள். வீட்டிலும் இருப்புக்கொள்ளவில்லை. பாட்டு இல்லாத நேரத்திலும் எங்கிருந்தோ வந்துவிடும் என்று காது எதிர்பார்த்துக் கிடந்தது.

வேலுமணியோ, என்றும் இல்லாத வழக்கமாக, போகிற இடமெல்லாம் அது தன் பெண்டாட்டியின் மெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தான். சிலர் நம்பினார்கள், சிலர் சிரித்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கமலவேணியின் மகளுக்கு வளைகாப்பு வந்தபோது, கூடியிருந்த பெண்கள் சௌந்திரத்தைப் பாடச் சொல்லி விடவில்லை. தட்டிக்கழித்துப் பார்த்தாள். கமலவேணி கையைப் பிடித்துக்கொண்டாள். சரி, ஒரு தரம் பாடினால் விட்டுவிடுவார்கள் என்று கண்ணை மூடிப் பாடினாள்.

முடிந்ததும் கமலவேணி அன்பாகத்தான் சொன்னாள். "நல்லா இருந்துச்சு அக்கா. ஆனா அந்த நடு எடத்துல இப்பிடி எறக்கக் கூடாது. படத்துல அப்பிடியே இளுத்துக்கிட்டுப் போவாரு. நீ தப்பாப் பாடிட்ட."

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். சௌந்திரம் வளையல்கூடப் போட்டுக்கொள்ளாமல் எழுந்து வந்தாள். அந்த நடு இடத்தில்தான் அன்று குழந்தை மூச்சுக்குத் தவித்தது. அது தணியட்டும் என்றுதான் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

வேலுமணி வேப்பமரத்தடியில் லாரிக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, அந்த மெட்ட எதுக்குங்க அடுத்தவங்களுக்குக் குடுத்தீங்க?"

தான் கொடுக்கவில்லை, வாய் முனகியதை அந்த ஆள் பிடித்துக்கொண்டார், நன்றாகத்தானே இருக்கிறது என்றான்.

"அது பாட்டில்லீங்க. பாப்பாளுக்கு முடியாதப்ப நான் தூக்கிட்டு நடந்தது. உங்களுக்கெங்க தெரியும்? நீங்க இங்க இல்லை."

வேலுமணி கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"தெரியும் புள்ள. மண்ணு மூடுனதுக்கப்பறந்தான் வந்தேன். மொகத்தக்கூடப் பாக்குல. நீ கட்டுத்தரையில அத முனகறப்பெல்லாம் உள்ள படுத்துக் கேட்டுக்கிட்டே இருப்பேன். எனக்கு அந்தப் புள்ளையோடது வேற என்ன இருக்குது?"

அப்படியானால் ஏன் ஊரெல்லாம் பெருமை பேசினீர்கள் என்று கேட்டாள்.

"எம்புள்ளைக்குப் பாடுனதுன்னு சொல்ல வாய் வல்லே. எம்பொண்டாட்டி மெட்டுன்னாச்சும் சொன்னேன்."

சௌந்திரம் கிணற்றுமேட்டுக்குப் போனாள். காட்டோரம் வரைக்கும் போனாள். இத்தனை வருஷமாகக் கல் என்று நினைத்திருந்த மனிதனை என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றினாள். பொழுது சாயும் முன் திரும்பி வந்து சொன்னாள். "அடுத்த லோடுக்கு நானும் வாரேனுங்க."

பொம்பளை லாரியில் போகிற வழக்கம் எங்கே இருக்கிறது என்று லாரி முதலாளி கேட்டார். அப்படியானால் வேறு டிரைவரைப் பாருங்கள் என்று வேலுமணி சாவியை மேசைமேல் வைத்தான். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே சாவியைத் திருப்பிக் கொடுத்தார். ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குக் கிளம்பினார்கள். கிருஷ்ணகிரி டீக்கடையில் பாட்டு இருந்தது. பெங்களூரில் ஒரு ஓட்டலில் கேட்டது. தும்கூர் தாண்டியதும் கன்னடமும் இந்தியும் மட்டுமே. சௌந்திரம் காலை மடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். வருகிற ஊருக்கெல்லாம் பெயர் கேட்டாள். தாவணகெரேயில் அவள் வாய்விட்டுச் சிரித்ததை வேலுமணி திரும்பிப் பார்த்தான்.

ஹூப்ளிக்கு வெளியே நாமக்கல், சேலம் லாரிகள் வரிசையாக நிற்கும். ரொட்டி தின்று நாக்குச் செத்துப்போனது என்று டிரைவர்கள் புலம்பினார்கள். சௌந்திரம் லாரி நிழலில் கல் கூட்டி அரிசி வடித்து, கொள்ளு ரசம் வைத்தாள். மணம் பிடித்து நாலைந்து பேர் தட்டோடு வந்து நின்றார்கள். அடுத்த தடவை அரிசி கூடுதலாக ஏற்றிப் போனாள். எண்பத்து மூன்றில் காட்டைக் கொழுந்தனிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டு இருவரும் சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். லாரி ஓட்டுவதை விட்ட வேலுமணி வெங்காயம் உரிக்கப் பழகினான். அவள் நாலு வார்த்தை கன்னடமும் நிறைய சைகையும் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய் வந்தாள்.

பாட்டு அங்கேயும் வந்து சேர்ந்தது. லாரிகளில் டேப் வைக்க ஆரம்பித்த சமயம் அது. ஒரு மத்தியானம் ராசிபுரத்து டிரைவர் ஒருவர் கதவைத் திறந்து போட்டு அதைச் சத்தமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சௌந்திரத்தின் கையில் ரசக் கரண்டி நின்றது. வேலுமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். டேப்பை நிறுத்தச் சொல்லட்டுமா என்று கண்ணாலேயே கேட்டான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். நடு இடத்தில் பாடகர் குரலை இழுத்துக்கொண்டு போனார். அவள் தாழ்த்தித் தனக்குள் முனகிக்கொண்டாள். பிறகு டிரைவரிடம், "சத்தத்தக் கொஞ்சங் கொறைங்க சாமி. ரசம் வேணுமான்னு கேட்டது உங்க காதுல உளுகுல" என்றாள்.

எண்பத்தேழுக்குள் அந்த இடத்தில் இன்னும் மூன்று தமிழ்க் கடைகள் வந்துவிட்டன. நெருக்கடி அவளுக்குப் பிடிக்கவில்லை. பூனா போகும் வழியில், கோலாப்பூர் தாண்டி, லாரிகள் நிற்கும் ஒரு மைதானம் காலியாகக் கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அந்த வாரமே, வடக்கே போகும் ஒரு சங்ககிரி லாரியில் இருவரும் இடம் பார்க்க ஏறினார்கள்.