இடது காது பாக்கி

ஜின், பேய், காத்து கருப்பு எதையும் நான் ஒரு நாளும் நம்பியவனில்லை. தொழுகிறவன்தான், ஆனாலும் நான் பார்த்தது வேறு, பிறர் சொன்னது வேறு என்று பிரித்து வைத்துத்தான் எதையும் பேசுவேன், இதையும் அப்படியே சொல்கிறேன், நம்புவது உங்கள் பாடு.

என் தங்கை ஷமீமாவின் வயிற்றில் குழந்தை வளராமல் நின்றுபோனது. நஞ்சுக்கொடி வழியாக ரத்தம் சரியாகப் போகவில்லை, இனியும் உள்ளே விட்டால் ஆபத்து என்று ஏழாம் மாதமே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, உள்ளங்கையில் அடங்கிவிடும். "மூளையில இருக்கற ரத்தக் குழாயெல்லாம் ஈரத் தாள் மாதிரிங்க, முதல் மூணு நாள்ல கசிஞ்சிட்டா..." என்று டாக்டரம்மா பாதியில் நிறுத்தினார். அதனால் தொடக் கூடாது, சத்தம் கூடாது, தலை எந்தப் பக்கமும் திரும்பக் கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள் தலைக்கு இரு பக்கமும் துணியைச் சுருட்டி அணைகொடுத்து நேராகப் படுக்க வைத்திருந்தார்கள்.

எங்கள் வழக்கப்படி, பிறந்த குழந்தையின் வலது காதில் அத்தா, அதாவது தகப்பன், தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்ல வேண்டும், பிறகு இடது காதில் தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத். அத்தா ரியாஸ் பாரீஸில் வேலை செய்கிறார், டிக்கெட் கிடைக்கவில்லை. மறுநாள் மதியம் போன் செய்தார்.

"மச்சான், போனை அவ காதுகிட்ட வைங்க, மெதுவாச் சொல்லிடறேன்."

"பெட்டியையே திறக்க விடமாட்டாங்க மாப்ளே. சத்தம் ஆகாது."

"பாங்கு உங்களுக்குச் சத்தமா? ரோட்டுல ஹாரன் அடிக்கறவனையெல்லாம் விட்டுட்டு எம் புள்ளைக்கு வந்து கண்டிஷன் போடறீங்களே!"

"தலை ஸ்கேன் எடுக்கட்டும், பொறுங்க."

"அதுக்குள்ள அவ போயிட்டா?"

"நான் இங்கேருந்தே சொல்லிக்கறேன்" என்று வெடுக்கென்று வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்தார். "யாரு சார் உள்ள வந்தது?" யாரும் போகவில்லை, கதவுக்கு எதிரே நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடி வழியாகக் காட்டினார். இது நானே பார்த்தது: துணிச் சுருள்கள் வைத்தது வைத்தபடி இருந்தன, தலை மட்டும் இடப்பக்கம் சாய்ந்து வலது காது மேலே தெரிந்தது. அந்த இறுக்கத்தில் திரும்ப இடமும் கிடையாது, குழந்தைக்குத் தெம்பும் கிடையாது. நர்ஸ் பதறிப்போய் நேராக்கினார். நான் பயந்தது பேயை நினைத்தல்ல, கசிவை நினைத்து.

மூன்றாம் நாள் உச்சிக்குழி வழியாக ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

சில வாரம் கழித்து ஊர் வந்து சேர்ந்த ரியாஸ் கையில் குழந்தையைக் கொடுத்தார்கள். "இப்ப சொல்லுங்க" என்றேன். அவர் குழந்தையை ஷமீமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் என்னைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னார், இது அவர் சொன்னது: அன்றைக்குப் பாரீஸில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தையை ஏந்தியதுபோல் கையை வைத்துக்கொண்டு பாங்கை முடித்தாராம். இகாமத்துக்கு மூச்சை இழுத்தபோது தோளுக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளைக் குரல், நம்ம ஊர்த் தமிழில், "சத்தம் போடாதீங்க சார், அவ தூங்கறா." அறையில் யாரும் இல்லை, போனையும் அவர் முன்னமே வைத்துவிட்டார்; இகாமத்தைச் சொல்லாமல் அப்படியே நிறுத்திவிட்டாராம்.

குழந்தை இப்போது எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவெல்லாம் ஓடுகிறாள், ஒரு குறையுமில்லை. இடது காதில் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சொல்லி முடிங்க மாப்ளே என்றால் ரியாஸ் என்னையே பார்க்கிறார்.

"யார்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றது மச்சான்?"