குரூப்பில் இல்லாத பெண்

போன சனிக்கிழமை காலை எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது.

அந்த குரூப்புக்கு நான்தான் அட்மின். கேட்டு வாங்கிய பதவி இல்லை. பழைய அட்மின் கலிஃபோர்னியாவுக்கு வீடு மாறியபோது ஒரு வாடிப்போன கறிவேப்பிலைச் செடியையும் இதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

வீடியோவைப் போட்டவர் சுகந்தி ஆன்ட்டி. இங்கே அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் மகன் வீட்டோடு இருக்கிறார். வாசலில் காலிங்பெல்லோடு சேர்ந்த கேமரா. சீரியல் போரடித்தால் அதைப் பார்ப்பார். அதில் பதிவானதுதான் இந்த வீடியோ: ஒரு டீன் ஏஜ் பெண், மாடிப்படி ஓரத்தில் ஒரு பையனைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இருபது செகண்ட் இருக்கும். கீழே ஆன்ட்டியின் கேப்ஷன் – ‘யார் வீட்டுப் பொண்ணு இது? பேரன்ட்ஸ் கொஞ்சம் கவனிங்கப்பா!’ கூடவே மூன்று கும்பிடு எமோஜி.

நான் என்ன செய்தேன்? மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை அட்மின் என்ற முறையில். மற்ற இரண்டுக்கும் என்னிடம் விளக்கம் இல்லை.

அதற்குள் குரூப் துப்பறியக் கிளம்பிவிட்டது. ‘அந்த பேக்பேக்கை எங்கேயோ பார்த்திருக்கேனே...’ ‘பி பில்டிங்கா?’ ‘பேட்மின்டன் ஆடுவாரே, அவர் பொண்ணு மாதிரி...’

போன் அடித்தது. மாலதி.

மாலதி யார்? சென்னையில் பி.எல். முடித்துவிட்டு, கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு அமெரிக்கா வந்தவள். வேலை பார்க்க அனுமதி கிடையாது. சும்மா இருப்பதற்குப் படிக்கலாமே என்று, இங்கே முதலிலிருந்து மறுபடியும் சட்டம் படித்தாள். பிரின்ஸ்டன் ஜங்ஷன் பிளாட்பாரத்தில்தான் எனக்குப் பழக்கம். பல் கிட்டும் குளிரில், கையுறையைக் கழற்ற மனமில்லாமல், புத்தகத்தின் பக்கத்தை மூக்கால் புரட்டிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவளோடு சிநேகம் பிடிக்காமல் இருக்க முடியுமா?

இன்றைக்கு அவள் சட்டப் பேராசிரியை. ஆராய்ச்சி இரண்டு விஷயத்தில். ஒன்று பேச்சுரிமை – அதாவது, மனுஷன் வாயை மூடாதே. இன்னொன்று பிரைவசி – மனுஷனைச் சும்மா விடு. ‘ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு அடிச்சிக்குமே, நீ எந்தக் கட்சி?’ என்று ஒருமுறை கேட்டேன். ‘ரெண்டு கட்சிகிட்டயும் திட்டு வாங்குற கட்சி’ என்றாள்.

விளையாட்டில்லை. கண்டபடி நோட்டீஸ் அடித்து ஒட்டிய ஒரு ஆசாமிக்கும் பேச உரிமை உண்டு என்று ஒரு கட்டுரை எழுதினாள். சக பேராசிரியர்களில் பாதிப் பேர் பேச்சை நிறுத்தினார்கள். முன்னாள் காதலன் இன்டர்நெட்டில் போட்ட படத்தை எடுக்கச் சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு என்று அடுத்த கட்டுரை. மீதிப் பாதியும் நிறுத்தினார்கள். கடைசியில் வேலை நிரந்தரமானது. இப்போதும் லஞ்சுக்குத் தனியாகத்தான் போகிறாள்.

நம் ஆட்கள் பார்ட்டியில் மட்டும் ஏக மரியாதை. ‘மேடம், வேகமா ஓட்டினேன்னு ஒரு ஸ்பீடிங் டிக்கெட் வந்திருக்கு...’

சரி, போனுக்கு வருகிறேன்.

‘அட்மின்! அதை எடுடி.’

‘ஆன்ட்டி கோச்சுப்பாங்க. அதுவுமில்லாம, பேச்சுரிமைன்னு ஊரெல்லாம் லெக்சர் குடுக்கிறவ நீதானே?’

‘அது கவர்மென்ட் வாயை அடைக்கக் கூடாதுன்னு. நீ என்ன கவர்மென்ட்டா? எடு!’

எடுத்தேன். ஆனால் நாற்பது நிமிஷம் ஓடியிருந்தது. நாற்பது நிமிஷத்தில் ஒரு வீடியோ சென்னைக்கே போய்த் திரும்பி வந்துவிடும்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். அந்தப் பெண்தான். வீடியோ யார் மூலமாகவோ அவள் போனுக்கும் போயிருந்தது. பதினேழு வயது. நிலா என்று வைத்துக்கொள்வோம்.

‘ஆன்ட்டி, டிட் மை மாம் ஸீ இட்?’

‘தெரியலம்மா. நான் டெலிட் பண்ணிட்டேன்.’

‘வீ ஆர் மூவிங் டு டாலஸ். ஐ வாஸ் ஜஸ்ட் டெல்லிங் ஹிம்...’

அவள் அப்பாவுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்திருக்கிறது. அதைத்தான் அந்தப் பையனிடம் சொல்லியிருக்கிறாள். வீடியோவில் அவள் அழுதுகொண்டிருந்தாள். மூன்று தடவை பார்த்தேனே, அது ஏன் என் கண்ணில் படவில்லை? கட்டிப்பிடித்தது மட்டும் பளிச்சென்று பட்டது.

மாலதியை வரச் சொன்னேன். அடுத்த பில்டிங்தான். வந்தவள் லெக்சர் எதுவும் கொடுக்கவில்லை.

‘அம்மாகிட்ட நீயே சொல்லிடு கண்ணா. வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி. நான் வேணா கூட வரேன். வேணாம்னா வரல.’

நிலா யோசித்தாள். ‘கேன் யூ ஸ்டாண்ட் அவுட்சைட்?’

போய் நின்றாள். இருபது நிமிஷம், மூடிய கதவுக்கு வெளியே. உள்ளே பேசுவது காதில் விழக் கூடாதென்று நாலு படி கீழே இறங்கி நின்றாளாம்.

இங்கே குரூப்பில் சுகந்தி ஆன்ட்டி விழித்துக்கொண்டார். டெலிட் செய்யச் சொன்னது யார் என்று அவருக்கு எப்படித்தான் தெரிந்ததோ! ‘சில பேர் ப்ரொஃபசர்னா ஊருக்கே ஜட்ஜ்னு நினைப்பு. வீட்ல ரசம் வைக்கத் தெரியாது, புருஷன்தான் சமைக்கிறார். இவங்க ஊர்ப் பொண்ணுங்களுக்கு வக்காலத்து வாங்குறாங்க!’

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மெசேஜை மட்டும் இல்லை, ஆன்ட்டியையே குரூப்பிலிருந்து தூக்கிவிடுவது என்று முடிவு செய்து மாலதிக்கு போன் போட்டேன். படியில் நின்றபடி கிசுகிசுத்தாள்.

‘அதை விட்டுடு.’

‘உன்னைத் திட்டுறாங்கடி!’

‘என்னைத்தானே? நான் குரூப்ல இருக்கேன், பதில் சொல்லிக்குவேன். அந்தப் பொண்ணு குரூப்லயே இல்லையே... அவ எங்கே போய்ப் பதில் சொல்லுவா?’

அவளுடைய இருபது வருட ஆராய்ச்சியும் எனக்கு அந்த ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஃபீஸ் கூட இல்லாமல்.

சொன்னபடியே பதிலும் போட்டாள் – ‘ஆன்ட்டி, ரசம் பத்தி நீங்க சொன்னது முழுக்க உண்மை. அதனால மானநஷ்ட கேஸ் போட முடியாது.’

யாரோ சிரிப்பு எமோஜி போட்டார்கள். அப்புறம் எல்லோரும் போட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நிலாவின் அம்மாவிடமிருந்து மெசேஜ் வந்தது.

‘வீடியோல இருந்தது என் பொண்ணுதான். ஃபிரெண்டுக்கு பை சொல்லிட்டு இருந்தா. நாங்க அடுத்த மாசம் டாலஸ் போறோம். யாருக்காவது ஏதாவது கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க. அவகிட்ட வேண்டாம்.’

ஒரு நிமிஷம் கழித்து – ‘வர்ற ஞாயிறு மூவிங் சேல். சோபா, டைனிங் டேபிள், வெட் கிரைண்டர்.’

மன்னிப்பு கேட்பார்களா? யாராவது ஒரு வார்த்தை...? பதினைந்து நிமிஷம் கழித்து முதல் பதில், சுகந்தி ஆன்ட்டியிடமிருந்து.

‘கிரைண்டர் எத்தனை லிட்டர்?’

இதை எழுதட்டுமா என்று நிலாவிடம் கேட்டேன். அம்மாவிடம் கலந்து பேசி, பெயர், பில்டிங், பேட்மின்டன் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி அனுமதி கொடுத்தாள். மாற்றிவிட்டேன். மாலதி, ‘ரசத்தை மட்டும் மாத்தாதே’ என்றாள்.

சுகந்தி ஆன்ட்டியிடம் அனுமதி கேட்கவில்லை. எனக்கும் பேச்சுரிமை இருக்கிறது... ஆன்ட்டிதான் குரூப்பில் இருக்கிறாரே!