பாவு பிடிக்கிறவர்கள் கணக்கில் வரமாட்டார்களா?

வீடு வீடாகக் கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டு போன சுகாதாரத் துறை ரேவதி, போன வாரம் மறுபடியும் எங்கள் தெருவுக்கு வந்தாள். கையில் டேப்லெட், கழுத்தில் ஐடி கார்டு. எந்தத் தெருவில் முதலில் தடுப்பூசி முகாம் போட்டால் காய்ச்சல் பரவாது என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்குப் போடுகிற வேலை அவளுக்கு.

நான் எட்டாவதோடு பையைக் கடாசியவள். ஆனாலும் இது புரிந்தது. பட்டுச்சேலை நெய்வதற்கு முன்னால் டிசைனை ஸ்க்ரீனில் பார்க்கிறோமே... அந்த மாதிரிதான்.

"உங்க தெரு கடைசிலதான் வருதுங்க. இங்க யாரும் யாரையும் அதிகமா பாக்கறதில்லனு கம்ப்யூட்டர் மாடல் சொல்லுது."

சிரித்துவிட்டேன். எங்கள் தெருவிலா? ஒரு வீட்டில் குழம்பு தீய்ந்தால் ஒன்பது வீட்டில் விசாரிப்பார்கள்!

உள்ளே அப்பா இருமினார். சிரிப்பு நின்றது. போன மழைக்காலத்தில் இதே காய்ச்சலில்தான் என் அண்ணன் சேகர் செத்துப்போனான். அப்பாவின் நெஞ்சும் அப்போதிலிருந்து சரியில்லை. முகாம் வந்தால்தான் ஊசி. அதுவரை காய்ச்சல் என்ன, வரிசையிலா நிற்கும்?

"யாரும்மா அப்டி சொன்னது?"

"நீங்கதாங்க." டேப்லெட்டைத் திருப்பினாள். 'நேற்று வீட்டுக்கு வெளியே எத்தனை பேரைப் பார்த்தீர்கள்?' என்று போன தடவை அவள் கேட்டதற்கு என் பதில் — இரண்டு. பால்காரர், கேபிள்காரர். தெரு முழுக்க இப்படித்தான் சொல்லியிருக்கிறது.

"அன்னிக்கு காலைல பாவு நீட்டினோமே, அதுவே இருபது பேரு இருக்கும்," என்றேன். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீள நூலைத் தெருவில் விரித்து ஆளாளுக்குப் பிடிப்போமே, அதுதான் பாவு.

"அத ஏங்க சொல்லல?"

"அது வேலதானேம்மா!"

எதிர்வீட்டு கமலா அக்கா எட்டிப் பார்த்தாள். "பாவு புடிக்கும்போது எவடி மூஞ்சிய பாக்கறா? நூலத்தான் பாப்போம்."

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மக்களே. நாம் உளறியதைத்தான் கோட்டு சூட்டு மாட்டித் திருப்பிச் சொல்லும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ரேவதியை வரச் சொன்னேன். வந்தாள். தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு. இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாக ஆட்கள். மூச்சு படுகிற தூரம். நடுவில் ஒரு தும்மல் வேறு — டெமோ மாதிரி!

"சும்மா நின்னுகினு எண்ணாத. இந்த முனைய புடி," என்றாள் கமலா அக்கா. ரேவதி ஒரு கையில் பாவு, ஒரு கையில் டேப்லெட்டோடு எண்ணினாள். பிறகு வீடு வீடாகப் போய் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது.

"மொத லிஸ்ட்ல வந்துட்டீங்க! உங்க வீட்டுல எத்தினி பேருக்கு ஊசி?"

"நாலு."

அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டு, சுவரில் இருந்த சேகர் படத்தையும் என்னையும் பார்த்தாள். "மூணுடி..."

கம்ப்யூட்டரைத் திட்ட வாய் வரவில்லை. இரண்டு தடவையும் தப்பாகச் சொன்னவள் நான்தான்.