கனடாக்காரர்கள் பக்கத்தில் எங்கள் பாட்டு

எங்கள் இசைக்குழுவில் இரண்டே பேர். அக்கா கிடார் வாசித்துக்கொண்டே பாடுவாள். நான் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அதையே தட்டுவேன். குழுவுக்குப் பெயர் வைத்தது அக்காதான். பிரெஞ்சில் ‘நாளைக்கு’ என்று பொருள்படும் சொல். புதுச்சேரியில் எந்த ஆபீசுக்குப் போனாலும் காதில் விழுகிற வார்த்தைதானே, அதையே பிரெஞ்சில் சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்றாள். உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது என்று இருவருமே நம்பினோம்.

எத்தனை பேருக்கு வந்திருக்கிறது தெரியுமா? பெல்ஜியத்தில் ஒரு குழு, கல்யாணங்களில் வாசிக்கிறவர்கள். காங்கோவில் ஒன்று இருக்கிறது. அவர்கள் கிடாரைக் கேட்டால் கால் சும்மா இருக்காது. ஜப்பானில் சில பெண்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அவர்கள் பாட்டு எனக்குப் பிடிக்கும். கனடாவில் ஒரு கூட்டம் தொண்டை கிழியக் கத்துகிறது, அதைப் பாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோருக்கும் எங்கள் பெயர். அவர்களைக் கேட்டால் நாங்கள்தான் திருடினோம் என்பார்கள்.

இவர்களையெல்லாம் நான் ஆசைப்பட்டுத் தேடவில்லை. அக்கா கல்யாணமாகி பிரான்சுக்குப் போன பிறகு, அவள் பாடுவதைக் கேட்கத் தோன்றும்போதெல்லாம் போனில் பாட்டு ஆப்பைத் திறந்து குழுவின் பெயரைத் தட்டுவேன். இவர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். நாங்கள் பதிவு செய்தது ஒரே ஒரு பாட்டு. அதுவும் எங்கள் பக்கத்தில் இல்லை. எங்களுக்கென்று பக்கமே கிடையாது. கனடாக்காரர்களின் பக்கத்தில், இரண்டு அலறல்களுக்கு நடுவில், அக்கா பாடிக்கொண்டிருப்பாள்.

அது அங்கே போய்ச் சேர்ந்த கதை இதுதான். மாப்பிள்ளை சொல்தா வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கல்யாணம் நிச்சயமானதும் அக்கா காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்தாள். ஒரு சான்றிதழில் அவள் பெயர் ஒரு மாதிரி இருக்கும், இன்னொன்றில் அப்பாவின் பெயர் முன்னால் வந்து நிற்கும். ஒவ்வொரு மேசையிலும் காகிதத்தைத் தூக்கிக் காட்டி, “இது நீங்கதானா?” என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் யோசித்தால் போச்சு, புதிதாக இன்னொரு காகிதம் கேட்பார்கள். பிரான்சுக்குப் பெண் கொடுத்த வீடுகளில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் பாட்டை இணையத்தில் ஏற்றினோம். லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்த பாட்டு. கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு குழு இருக்கிறது, அது நீங்கள்தானா? அக்கா ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. ஆமாம் என்று அழுத்திவிட்டாள். அன்று காலையில் கூட அவள் நாலு மேசையில் அதைச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பக்கத்தில் நின்ற எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

போனவள் பாடுவதை விட்டுவிட்டாள். கிடாரையும் எடுத்துப் போகவில்லை. அங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் வேலை. வாரா வாரம் பேசுவோம். பாடுகிறாயா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். ஜூன் மாதத்தில் ஊரெங்கும் தெருவில் பாட்டு நடக்கும் நாள் வந்தால் எனக்கு வீட்டை விட்டு வெளியே போகவே பிடிக்காது. வேறு ஒரு குழுவில் சேரச் சொல்லி நண்பர்கள் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். நன்றாகவே பாடினார்கள். எனக்குத்தான் கை ஓடவில்லை. அக்கா திரும்பி வர வேண்டும் என்று கூட நான் கேட்கவில்லை. எங்கேயிருந்தாலும் அவள் பாடினால் போதும் என்றிருந்தது.

போன மாதம் கனடாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. எப்படியோ என்னைக் கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். மேடையில் அப்படிக் கத்துகிறவர்கள் எழுத்தில் அவ்வளவு மரியாதை. உங்கள் பாட்டு அழகாக இருக்கிறது, ஆனால் எங்கள் ரசிகர்கள் குழம்புகிறார்கள், தயவு செய்து எடுத்துக்கொள்ள முடியுமா? நியாயமான கேள்விதான். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. பாட்டு இருந்தது அக்காவின் கணக்கில், பாஸ்வேர்டு அவளிடம்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கிருந்துதான் அவளை வீடியோவில் கூப்பிடுவது வழக்கம். மீனைப் பார்த்தால் அவளுக்குப் பாதி ஊரைப் பார்த்த மாதிரி. அவள் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அப்போதுதான் விடிந்திருந்தது.

“இன்னாடா, இன்னைக்கு வஞ்சிரம் வந்துருக்கா? காட்டு.”

காட்டினேன். பிறகு சந்தடி இல்லாத இடமாகப் பார்த்து, மார்க்கெட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து கனடா விஷயத்தைச் சொன்னேன். அக்கா முகம் மாறிவிட்டது.

“எடுக்கணுமா?”

“அவங்க பக்கம்க்கா. நம்ம போயி ஒக்காந்துகிட்டுருக்கோம். எடுத்துட்டுத் தனியா போட்டுக்கலாம்.”

“தனியா போட்டா எனக்கு வேணாம்டா.”

எனக்குப் புரியவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். “தெனம் ரயில்ல அந்தப் பக்கத்தத்தான் போட்டுக்கறேன். நேரா நம்ம பாட்டப் போட்டா அழுவாச்சி வந்துடும், வேலைக்குப் போவ முடியாது. அவங்க கத்தறத மொதல்ல கேட்டுடுவேன். அப்புறம் நம்மளது வரும். அது முடிஞ்ச ஒடனே திரும்பக் கத்த ஆரம்பிச்சுடுவாங்க. நான் எறங்கிடுவேன்.”

இத்தனை நாளாக அவள் மறந்துவிட்டாள் என்று கோபித்துக்கொண்டிருந்தேன். “அந்தக் கத்தல எப்டிக்கா தெனம் கேக்கற?” என்றேன்.

“கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு. அதுக்குள்ள நல்ல மெட்டு ஒண்ணு இருக்குடா.”

“எங்க, பாடு பாக்கலாம்.”

“போடா.” பெட்டியில் இப்படியும் அப்படியும் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் இல்லை போலிருக்கிறது. போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கனடாக்காரர்களின் பாட்டை மெதுவாக, குழந்தையைத் தூங்க வைப்பது போலப் பாட ஆரம்பித்தாள்.

மெட்டு இருக்கத்தான் செய்தது. குரல் கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் அவள் குரல்தான். என்னையறியாமல் ஸ்கூட்டர் சீட்டில் தட்ட ஆரம்பித்தேன். கை தானாக ஓடியது.

அக்கா தடுமாறினாள். திரும்ப எடுத்தாள், திரும்பவும் தடுமாறினாள்.

“டேய், நீ தட்டறது இங்க லேட்டா வருது. எனக்கு ஒதைக்குது. நீ தட்டாத.”

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா முழுப் பாட்டையும் பாடி முடித்தாள்.